வலுவிழந்த புயல்

எங்கள் வீட்டு பேஸ்மென்டில் நிரஞ்சலா என்றொரு பிள்ளை குடியிருந்தாள். மொன்றியலில், ரொக்ஸ்பரோவில் ரயில் சத்தம் கேட்கிற தெரு. அவளும் மட்டக்களப்பு, நானும் மட்டக்களப்பு. நான் மாதா கோயில் வேதக்காரி, அவள் சைவம். அதனால் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. சண்டை வர அவள் வாயைத் திறந்தால்தானே! இந்த அல்போன்சம்மா பத்துச் சொன்னால் அவள் "ஓமக்கா" என்று ஒன்று சொல்வாள். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை. வீட்டுக்கு வந்தும் என் குளியல் துவாய்களை எடுத்து மடித்து வைப்பாள்.

புருசன் உதயன் ஊரில் இருந்தான். இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு சித்திரையில் அங்கே இயக்கம் இரண்டாகப் பிரிந்து நடந்த சண்டைக்குப் பிறகு அவனுக்கு இருக்க வழியில்லை. இவளுடைய அகதி வழக்கோ முடிந்தபாடில்லை. புருசனைக் கூப்பிட உரிமை கிடையாது. பிறகென்ன, ஏஜென்சிக்காரன்தான். முகச்சாயல் ஒத்த ஒருத்தனுடைய கனடாப் பாஸ்போர்ட்டைத் தேடிப் பிடித்து அதில் ஏற்றி அனுப்புவான். அவன் போட்ட சட்டம் ஒன்றுதான்: "ஆர் பேரில வாறார் எண்டு நீங்க கேட்கக்கூடாது. வாறார் எண்டு ஒருத்தருக்கும் சொல்லவும் கூடாது." இவளும் வேலையிடத்தில் புருசன் கொழும்பில் என்று சொல்லிவிட்டாள். நம் சனத்துக்கு இதெல்லாம் புதிதா?

உதயன் ஹெயிட்டி வரைக்கும் வந்துவிட்டான். தலைநகரில் கலவரம் என்று வடக்கே கொனாயீவ் என்ற ஊரில் ஒரு வீட்டில் வைத்திருந்தார்கள். மிச்சம் மொன்றியலுக்கு ஒரே ஒரு விமானம். "மாம்பழம் இரிக்கி, வெயில் இரிக்கி, நம்மட ஊர் மாதிரித்தான்" என்று போனில் சொன்னானாம். அன்றைக்கு இவள் சிரித்ததைப் பார்த்தேன்.

அந்தப் புரட்டாதியில்தான் அந்தப் புயல் கிளம்பியது. ஜீன் என்று பெண்பிள்ளைப் பெயர். சின்னத் தீவுகளுக்குப் பக்கத்தில் உருவாகி, போர்ட்டோ ரிக்கோவைத் தாண்டி, ஹெயிட்டியை ஒட்டின டொமினிக்கன் பக்கம் கரையேறியது. டிவியில் அது வெள்ளையாகச் சுழல்வதை நானும் அவளும் பார்த்துக்கொண்டே இருந்தோம். எங்களுக்குப் புயல் என்றால் எழுபத்தெட்டாம் ஆண்டு மட்டக்களப்பில் அடித்த சூறாவளிதான். தென்னைகள் படுத்துக் கிடந்ததையும் கூரைத் தகரம் பறந்ததையும் கண்ட கண்கள். புயல் என்றால் காற்று. வேறொன்றும் எங்களுக்குத் தெரியாது.

அது மலையில் மோதிக் காற்றுக் குறைந்து வலுவிழந்துவிட்டது என்று டிவிக்காரன் சொன்னதும் எனக்கு மூச்சு வந்தது.

"எழுபத்தெட்டு மாதிரி இல்லத்தானே அக்கா?"

"அதில கால்வாசியும் இல்ல புள்ள. காத்தில்லாத புயல் என்ன புயல்? போய்ச் சாப்பிடு."

அவளும் போய்ச் சாப்பிட்டாள்.

காற்றுத்தான் போனது, மழை போகவில்லை. அந்த ஊர் மலைகளில் மரமே இல்லையாம், எல்லாம் விறகாகிப் போனதாம். பெய்த மழை அத்தனையும் சேற்றோடு இறங்கிக் கொனாயீவை மூடியது. சனம் கூரைமேல் நின்றது. உதயனுடைய போன் செத்துவிட்டது. ஏஜென்சிக்காரனுடைய போனும் செத்துவிட்டது, அது எந்த வெள்ளத்தில் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

நிரஞ்சலா அழவில்லை. காலையில் பொட்டு வைத்தாள், வேலைக்குப் போனாள். அவளோடு விரிப்பு மடிக்கும் றோசா ஹெயிட்டிக்காரி. தன் அக்கா குடும்பத்தை அந்த ஊரில் தொலைத்தவள். அவர்களுடைய ரேடியோவில் காணாமல் போனவர்களின் பெயரை வாசிக்கிறார்களாம். "உனக்குத் தெரிந்தவர் யாரும் அங்கே உண்டா? பெயரைச் சொல், வாசிக்கச் சொல்கிறேன்" என்று கேட்டிருக்கிறாள். எந்தப் பெயரைச் சொல்வது? உதயன் என்ற பெயரில் அங்கே ஒருத்தரும் இல்லை. அங்கே இருந்தவனின் பெயர் இவளுக்குத் தெரியாது. ஒருத்தரும் இல்லை என்று சொல்லிவிட்டு மடித்தாளாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவளுக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். யாரோ கதவைத் தட்டினார்கள். அவள் போய்த் திறந்தாள்.

"வந்திட்டீங்களா!"

அந்தக் குரலை நான் அவளிடம் அதற்கு முன் கேட்டதில்லை. எட்டிப் பார்த்தேன். யேசுவே! அவளுடைய கலியாணப் படத்தில் இருந்த அதே முகம். அதே ஒடுங்கின கன்னம், அதே புருவம். எனக்கே நெஞ்சு குளிர்ந்துபோனது.

"அக்கா, நான் உதயன் இல்லை," என்றான் அவன். யாழ்ப்பாணப் பேச்சு. "கணேசலிங்கம். பக்கத்தில லவாலில இருக்கிறன். என்ர பாஸ்போட்டிலதான் அவர் வந்தவர். அதை வாங்கேக்க ஏஜென்சிக்காரன் அவற்ர பேரையும் இந்த விலாசத்தையும் சொன்னவன்."

அவள் அவனை உள்ளே இருத்தித் தேத்தண்ணி போட்டு வைத்தாள். அவன் கோப்பையைத் தொடவில்லை.

"அரசாங்கத்தில இருந்து வீட்டுக்குப் போன் வந்தது. என்ர மனுசிதான் எடுத்தவ. உங்கட புருசன் வெள்ளத்தில செத்திட்டார், பொக்கற்றுக்குள்ள பாஸ்போட் இருந்தது எண்டு சொல்லியிருக்கினம். நான் பக்கத்திலதான் இருந்தனான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் உயிரோட இருக்கிறன், பாஸ்போட் துலைஞ்சு போச்சு எண்டன்."

"அப்ப அங்க கிடந்தது ஆரெண்டு கேட்கலையா?"

"கேட்டவை. தெரியாது எண்டன்." அவன் குனிந்துகொண்டான். "எல்லாரையும் ஒரே குழிக்குள்ள தாட்டிட்டினமாம், அக்கா."

எனக்கு வந்த கோபத்துக்கு, அந்தக் கட்டையில போற ஏஜென்சிக்காரனில் தொடங்கி, முன்னால் இருந்தவன் வரைக்கும் திட்டித் தீர்த்தேன். அவன் வாங்கிக்கொண்டு இருந்தான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "குடிங்க, ஆறுது" என்றாள். அவள் அழுதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அழாததைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அவன் எழும்பினான். செத்தவீட்டிலிருந்து போகும்போது வாறன் என்று சொல்லக்கூடாது, பேசாமல் இறங்கிவிட வேண்டும். அவனும் முறை தெரிந்தவன். ஒன்றும் சொல்லாமல் சப்பாத்தை மாட்டிக்கொண்டு படியில் கால் வைத்தான்.

"இஞ்ச பாருங்க," என்றாள் நிரஞ்சலா. "வாறன் எண்டு சொல்லிட்டுப் போங்க."

அவன் என்னைப் பார்த்தான்.

"வாறன்," என்றான்.

"ஓம்," என்றாள். கதவைச் சாத்திவிட்டு வந்து, அவன் தொடாத தேத்தண்ணியை ஒரு சாசரால் மூடி வைத்தாள்.