ஒரு வண்டித் தடி

ஆங்கிலத்தில் ‘ஸ்டிக்’ என்று ஒரு சொல். பள்ளிக்கூட அகராதியைப் புரட்டினால் அதற்கு நேரே குச்சி, கம்பு, கழி, தடி, கோல் என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள், எல்லாம் ஒன்றுதான் என்பதுபோல. வெட்டாற்றங்கரை மூங்கில்காரர் சாமிதுரையிடம் அப்படிப் போய்க் கேட்டால் ஒன்றும் கிடைக்காது. “எதுக்குங்க?” என்று திருப்பிக் கேட்பார். மாடு ஓட்ட என்றால் தார்க்குச்சி. அவரைப் பந்தலுக்கு என்றால் கொழுகொம்பு. தேங்காய் பறிக்க அலக்கு, கட்சிக்காரர்களுக்குக் கொடிக்கம்பம், தள்ளாதவர்களுக்கு ஊன்றுகோல். வாத்தியார்கள் பிரம்பு கேட்டு வந்தால் மட்டும், “அது வேற சாதிங்க, நம்மகிட்ட இல்லை” என்று சிரிப்பார். மனுஷனை அடிக்கத்தான் தடி. அதை யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. “நாய்த் தொல்லையா இருக்கு” என்பார்கள். அவரும் எந்த நாய் என்று விசாரித்ததில்லை.

மூங்கில் கொல்லை அவருடையது அல்ல, மிராசுதார் அமிர்தலிங்கத்துடையது. குத்தகைக்கு எடுத்து வெட்டி விற்றுவந்தார். பெண்டாட்டியும் பிள்ளையும் ஒரே காலராவில் போன பிறகு அவருக்கு மிச்சமிருந்தது தங்கை ராசம்மாளும் அவள் மகன் துரைராசுவும்தான். ராசம்மாள் சின்ன வயதிலேயே தாலியறுத்தவள். பண்ணை வேலைக்குப் போய் ஒற்றைப் பிள்ளையை வளர்த்தாள். பிள்ளை வளர்ந்து விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்தான்.

ஆட்சி மாறி முதல் சம்பா அறுவடை அது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று தேர்தலுக்கு எழுதியது இன்னும் சுவர்களில் அழியவில்லை. அறுப்புக் கூலியில் கொஞ்சம் நெல் கூடக் கேட்டது சங்கம். வெளியூர் ஆளை இறக்கி அறுத்துக்கொள்கிறேன் என்றார் மிராசுதார். இறக்கினால் வரப்பை விட்டு நகரமாட்டோம் என்றார்கள் இவர்கள்.

ஒரு நாள் பண்ணைக் காரியக்காரர் நடராசன் கொல்லைக்கு வந்தார்.

“டேய் சாமிதுரை, ஒரு வண்டித் தடி வேணும். ஒவ்வொண்ணும் உலக்கைக்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி இருக்கணும்.”

“எதுக்குங்க ஐயா?”

“உனக்கு எதுக்குடா அது? கொல்லையில நாளைக்கும் நீதானே வெட்டணும்? வேணாம்னா சொல்லு, வேற ஆள் இருக்கான்.”

“இல்லைங்க ஐயா. போட்டுடறேங்க.”

தடிக்கு ஆனது கல்மூங்கில். உள்ளே பொந்து இருக்காது. மண்டையில் இறங்கினால் மண்டைதான் போகும். அது கொல்லையின் கிழக்கு மூலையில் நிறையவே நின்றது. சாமிதுரை அதைத் தொடவில்லை. வளர்பிறையில் வெட்டியதால் பூச்சி விழுந்து உளுத்துப்போன பொந்து மூங்கில் ஒரு கட்டு, அடுப்பெரிக்கவென்று ஒதுக்கிப் போட்டிருந்தார். அதைத் துண்டு போட்டு, பூச்சி துளைத்த இடங்களில் மெழுகு அடைத்து, அனலில் வாட்டி, விளக்கெண்ணெய் தடவினார். வெளிப்பார்வைக்குப் பளபளவென்று இருந்தது. உள்ளே வெறும் மாவு. அதையே வண்டியில் ஏற்றி அனுப்பினார். முதல் அடியில் ஒடிந்துவிடும், தங்கை பிள்ளைக்குத் தோளில் ஒரு வீக்கத்தோடு போய்விடும் என்பது அவர் கணக்கு. முடியாது என்று சொல்ல அவருக்குத் தைரியமில்லை. அதனால் இப்படி.

ஆனாலும் மனசு கேட்காமல் ராசம்மாள் வீட்டுக்குப் போய், “நாளைக்கு வயப்பக்கம் போவாதடா” என்றார்.

துரைராசு சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தான். “நீங்க மூங்கில், மாமா. காத்து அடிச்சா வளைஞ்சுக்குவீங்க. எங்களால முடியாது.”

“வளையறவன்தான்டா உசுரோட இருப்பான்.”

“இருந்து?”

தடியைப் பற்றி அவர் சொல்லவில்லை.

மறுநாள் லாரியில் வெளியூர் ஆட்கள் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு முன்னால் தடியோடு பண்ணை அடியாட்கள். சாமிதுரை வாய்க்கால் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வரப்பில் முன்னால் நின்றவன் துரைராசு. முதல் அடி அவன் தோளில் விழுந்தது. தடி ‘படக்’கென்று இரண்டாக முறிந்தது. அடுத்தவன் அடித்ததும் முறிந்தது.

“என்னடா, கரும்பு வாங்கியாந்தியா?” என்று வரப்பில் யாரோ கத்த, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஒரு பெண், “முறுக்குடி, முறுக்கு!” என்றாள். மேட்டில் நின்ற சாமிதுரைக்கு மூச்சு வந்தது.

முதலில் அடித்தவன் சிரிக்கவில்லை. அவமானத்தில் முகம் கறுக்க, கையில் மிஞ்சியதைக் குனிந்து பார்த்தான். உடைந்த முனை ஒரு சாண் நீளத்துக்குச் சிலாம்பு சிலாம்பாகப் பிளந்து நின்றது. உள்ளே உளுத்தாலும் மேல்தோல் உளுக்காது; மூங்கில் சிலாம்பு சவரக்கத்திக்குச் சமம். துரைராசு பிறந்த அன்று அவன் தொப்புள்கொடியை அறுக்க மருத்துவச்சி கேட்டு, சாமிதுரையே ஒன்று சீவிக் கொடுத்திருந்தார். அது அவருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. “டேய், ஓடுடா!” என்று மேட்டிலிருந்து அலறினார்.

அடித்தவன் அந்த முனையைத் துரைராசுவின் விலாவுக்குக் கீழே செருகித் திருகினான். அதைப் பார்த்து மற்றவர்களும் கற்றுக்கொண்டார்கள். முறியாத தடிகளையும் முழங்காலில் வைத்து முறித்தார்கள். கன்னம் கிழிந்தது, ஒருவருக்குக் கண் போனது. முற்றிய கதிர்மேல் குடல் சரியக் கிடந்தான் துரைராசு. சாமிதுரை ஓடிவந்து இரண்டு கையாலும் அதை அள்ளி உள்ளே தள்ளப் பார்த்தார். ஆஸ்பத்திரி போகும் வழியில், பாலம் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது.

வழக்கு நடந்தது. தடி யார் கொல்லையிலிருந்து போனது என்று சொல்ல சாமிதுரையைச் சாட்சிக்கு அழைத்தது சர்க்கார் தரப்பு. ராசம்மாள் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். தடி அண்ணன் கொல்லையிலிருந்து போனது என்பதே அன்றுவரை அவளுக்குத் தெரியாது.

எதிர்த்தரப்பு வக்கீல் மேஜைமேல் இருந்த துண்டுகளைக் காட்டினார். “இது உளுத்த மூங்கில்தானே?”

“ஆமாங்க.”

“தெரிஞ்சேதான் கொடுத்தீங்களா?”

“தெரிஞ்சேதாங்க. ஒடியட்டும்னுதான் கொடுத்தேன்.”

வக்கீல் நீதிபதி பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் பேசினார். குமாஸ்தா தமிழில் சொன்னபோதுதான் சாமிதுரைக்கு விளங்கியது: இது அடுப்பெரிக்கிற குச்சி, ஆயுதமில்லை. கைகலப்பில் ஒடிந்திருக்கிறது, பையன் தவறி அதன்மேல் விழுந்திருக்கிறான்.

சாமிதுரை கூண்டிலிருந்து எட்டி ஒரு துண்டை எடுத்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தன் கையில் இழுத்தார். தோல் வாய் திறந்ததுபோல் பிளந்து, ரத்தம் கூண்டின் பலகையில் வழிந்தது.

“இதைக் குச்சின்னு எழுதாதீங்க சாமி” என்றார்.

போலீஸ்காரர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பொருளுக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று இரண்டு வக்கீல்களும் மல்லுக்கு நின்றார்கள். சர்க்கார் வக்கீல் அடிக்கிற தடிக்கான கிளப் என்றார், கட்ஜல் என்றார், குத்துகிற முனைக்கான ஸ்பைக் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். நீதிபதி ‘ஸ்டிக்’ என்றே எழுதச் சொன்னார். பிற்பாடு வந்த தீர்ப்பிலும் அதுதான் இருந்தது. இரண்டு பேருக்குச் சொற்பத் தண்டனை, மற்றவர்களுக்கு விடுதலை. மிராசுதாரின் பெயர் எங்குமே இல்லை.

சாட்சி சொன்ன அன்று கோர்ட்டு வராந்தாவில் ராசம்மாள் அண்ணனுக்காகக் காத்திருந்தாள். கட்டுப் போட்ட கையோடு அவர் வந்ததும் நெஞ்சிலும் முகத்திலும் இரண்டு கையாலும் அறைந்தாள். உதடு கிழிந்தது. அவர் தடுக்கவில்லை. விலக்க வந்தவர்களையும் வேண்டாமென்று தலையசைத்தார். அவள் கை ஓய்ந்து நின்றாள்.

“எதுக்குக் கேக்குறான்னு தெரியும்ல? இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன அண்ணே?”

“குத்தகையைப் புடுங்கியிருப்பான்மா.”

“புடுங்கட்டும்.”

“ஆளை விட்டு அடிச்சிருப்பான்.”

“உன்னைத்தானே?” என்றாள் ராசம்மாள்.