சாரலில் வியர்த்தவர்

மேலகரத்தைத் தாண்டிக் குற்றாலம் போகும் வழியில், ஒரு தென்னந்தோப்புக்குள் இருக்கிறது எங்கள் தியான நிலையம். மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற கையோடு அங்கே போய்ச் சேர்ந்தேன். வாய் ஓயாத ஆள் நான். பாதி நாள் மௌனம் என்றதும் என் பிள்ளைகளே சிரித்தார்கள். ஆனாலும் அந்த இடத்தை எனக்குப் பிடித்துப்போனது, முக்கியமாக ஐயாவை. கணக்கு வாத்தியாராக இருந்து குருவானவர். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவார்.

சித்திரையில் ஒரு நாள் காலையில் கண் மூடியவர் மதியம்வரை அசையவில்லை. சமாதி கூடிவிட்டது என்றார்கள். நானும் எதிரே உட்கார்ந்து அழுதேன். பிறகு அவராகவே கண் திறந்தார். அன்றைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கி ஹாலில் மாட்டினார்கள். அதோடு கூட்டமும் பெருகியது, புதிதாக ஒரு சட்டமும் வந்தது. ஐயா கண் மூடியிருக்கும்போது யாரும் தொடக்கூடாது. தொட்டால் உயிருக்குத் திரும்பி வர வழி தெரியாது. சட்டத்தைக் காத்து நின்றவர் நிர்வாகி அண்ணாச்சி. போலீஸில் இன்ஸ்பெக்டராக இருந்தவரை யார் மீறுவது?

ஆனி மாதம், சாரல் பிடித்துக்கொண்ட ஒரு காலை. கொல்லம் பக்கத்திலிருந்து செங்கோட்டைக்கு ரயிலில் வந்த ஒரு கூட்டம் ஹாலில் காத்திருந்தது. நான் அடுப்படியில் மதியத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஐயாவின் அறையைப் பெருக்கப் போன பெண் அவருடைய காலைச் சாப்பாட்டுத் தட்டை எடுத்து வந்தாள். இட்லி வைத்தது வைத்தபடி இருந்தது. அவர் மிச்சம் வைத்தால் அதைப் பிரசாதமாகப் பங்கிட்டுக்கொள்வது ஆரம்பத்திலிருந்தே எங்கள் வழக்கம்.

"ஐயாவுக்குப் பசியே அத்துப் போச்சுக்கா," என்று பூரிப்போடு சொல்லி ஆளுக்கொரு துண்டு பிட்டுக் கொடுத்தாள். என் பங்கைக் கண்ணில் ஒற்றி வாயருகே கொண்டுபோனேன். அப்போதுதான் பொறி தட்டியது.

"ஊசி போட்டாகளா?"

"அது அப்பவே போட்டாச்சே. நாந்தான எடுத்துக் குடுத்தேன்."

ஐயாவுக்கும் எனக்கும் சர்க்கரை. அவருக்கு இன்சுலின். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கி ஆளைச் சாய்த்துவிடும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். எனக்கும் ஒருமுறை தென்காசி பேருந்து நிலையத்தில் அப்படி ஆனது. கண்டக்டர் கேட்டதற்கு வாயைத் திறக்க முடியவில்லை. பொம்பள குடிச்சிருக்கு என்று யாரோ சொன்னது மட்டும் காதில் விழுந்தது. எனக்கு வந்தால் குடி, அவருக்கு வந்தால் சமாதி.

தேன் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஹாலில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. குளிருக்கு எல்லோரும் போர்த்தியிருந்தார்கள். மேடையில் ஐயா சுவரில் சாய்ந்தபடி கண் மூடி உட்கார்ந்திருந்தார். "முகத்துல என்ன ஒளி, பாருங்க," என்று ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் கிசுகிசுத்தாள். அது ஒளி இல்லை, வியர்வை. கழுத்து வழியாக இறங்கி ஜிப்பாவை நனைத்திருந்தது. அந்தச் சாரலில் வேறு யாருக்கு வியர்க்கும்?

மேடையில் கால் வைக்கப் போனேன். அண்ணாச்சி குறுக்கே வந்துவிட்டார்.

"என்ன பண்ணுதீய? அங்கன ஏறப்படாது."

"ஐயா சாப்பிடல அண்ணாச்சி. ஊசி மட்டும் போட்டிருக்காக. சுகர் எறங்கிட்டு. ஆம்புலன்சுக்குச் சொல்லுங்க."

"சித்திரையிலயும் இப்படித்தான இருந்தாக? தொட்டு ஏதாவது ஆச்சுன்னா அவுக உசுருக்கு நீங்க பொறுப்பேத்துக்கிடுவீயளா?"

அவர் முறைப்பாகக் கேட்கவில்லை. குரல் நடுங்கியது. நான் ஐயாவைக் கொன்றுவிடுவேன் என்று உண்மையாகவே பயந்தார். அதுதான் என்னை அசைத்துவிட்டது. அண்ணாச்சி சொல்வது சரியாக இருந்தால்? நானே சித்திரையில் அழுது கும்பிட்ட ஆளல்லவா?

"ஏத்துக்கிடுதேன்," என்றேன். நான் சொன்னதை நானே நம்பவில்லை. ஆனாலும் அவரை ஒதுக்கிவிட்டு ஏறிவிட்டேன்.

கழுத்தைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. ஐயா, ஐயா என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. தலையை ஒருபுறம் சாய்த்துப் பிடித்து, விரலில் தேனைத் தொட்டு உதட்டுக்குள் கன்னத்தில் தடவினேன். திரும்பவும் தடவினேன். ஒன்றும் ஆகவில்லை. கீழே யாரோ விசும்ப ஆரம்பித்தார்கள். "கொன்னுட்டீயளே," என்றபடி அண்ணாச்சி தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்சுக்கு யாரும் போன் எடுத்த மாதிரித் தெரியவில்லை. நான் தடவுவதை நிறுத்தவில்லை.

பிறகு அவருடைய நாக்கு அசைந்தது. தேனைத் தேடியது. தொண்டை ஏறி இறங்கியது.

சர்க்கரைத் தண்ணீரை விழுங்கும் அளவுக்குத் தெளிந்து கண்ணைத் திறந்ததும் அவர் கேட்டது, "மணி அடிச்சாச்சா?"

நான் காப்பாற்றிவிட்டேன் என்று எல்லோரும் கொண்டாடியிருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். முக்திக்குப் பாதி வழியில் இருந்தவரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன் என்று பேச்சு. மதியம் பந்தியில் எனக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இலை காலியாக இருந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. சாயங்காலமே மூட்டையைக் கட்டிவிடலாம் என்று இருந்தேன்.

அதற்குள் ஐயா கூப்பிட்டு அனுப்பினார். டாக்டர் வந்துவிட்டுப் போயிருந்தார். ஐயா கட்டிலில் சாய்ந்திருந்தார். மடியில் ஒரு கிண்ணம் ரசஞ்சோறு, பாதி தீர்ந்திருந்தது.

"ஒண்ணு கேக்கணும்மா. மறைக்காம சொல்லணும்."

"கேளுங்க ஐயா."

"சித்திரையில அன்னைக்கு உக்காந்திருந்தேன்லா. உலகமே இல்லாம இருந்துச்சு. வாழ்நாள்ல அப்படி ஒண்ணு எனக்கு வாய்ச்சதே இல்ல. அதுவும் இதுதானா?"

தெரியாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் தெரியாததை மட்டும்தான் தெரியாது என்று சொல்ல வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்ததே அவர்.

"அன்னைக்கு உங்களுக்கு உப்புமா ஐயா. தட்டு அப்படியே வந்துச்சு. நாங்கதான் பிரசாதம்னு பங்கு வச்சுச் சாப்பிட்டோம்."

கிண்ணத்திலிருந்த சோற்றை விரலால் ஒரு பக்கமாக ஒதுக்கினார். வெளியே சாரல் ஓட்டில் விழும் சத்தம் கேட்டது.

"அந்தப் படத்தக் கழட்டிரச் சொல்லும்மா," என்றார். பிறகு மிச்சச் சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்துக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, கழுவும் இடத்தில் நின்று அழுதேன்.