50 நம்பர் எண்ணெயும் ஆளில்லாமல் நடந்த ஏடிவியும்

எண்ணெய் தடிப்பாக இருந்தால் எஞ்சினுக்கு நல்லது என்று சொல்கிறவனைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் காரணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் எனக்கு கராஜ். ஹந்தானை மலையில் சுற்றுலாக்காரர்களுக்கு ஏடிவி என்கிற நாலு சக்கர மலை வண்டிகளை வாடகைக்கு விடும் தியாகராஜா முதலாளி ஒருநாள் கூப்பிட்டார். ஒரு வண்டி ஆளில்லாமல் போகிறது என்றார். பேய் என்று பயந்து தேசிக்காய் கட்டியும் நிற்கவில்லையாம்.

விடிந்ததும் போனேன். முற்றமே தெரியாத பனி. வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆரோக்கியம் தள்ளி நின்றார். அவரோடு வேலை செய்த சிவலிங்கம், போன மழைக்காலத்தில் ஒரு காலை, இதே வண்டியோடு முற்றத்து விளிம்பிலிருந்து பள்ளத்தில் விழுந்து செத்தவர். திருத்தி எடுத்த பிறகும் வண்டி அந்த விளிம்புக்கே போகிறதாம்.

"இவனும் அவன மாதிரி குடிச்சிட்டு வர்றான். மாசக் கடைசியோட நிப்பாட்டிருவேன்," என்றார் முதலாளி.

"நான் தொடுறதே இல்லண்ணே," என்றார் ஆரோக்கியம் என்னிடம். "செவலிங்கம்தான் கூப்பிட்டுக்கிட்டுப் போறான்."

ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். வண்டி முதல் கியரில் கிடந்தது. இவர்களைப் போல மலையில் லொறி ஓட்டியவர்கள் மட்டத் தரையிலும் கியரில் போட்டுத்தான் நிறுத்துவார்கள். இந்த வண்டிக்கு கிளட்ச் லீவர் இல்லை; எஞ்சின் வேகம் கூடினால்தான் கிளட்ச் பிடிக்கும். அதனால் கியரை எடுக்காமலே ஸ்டார்ட் பண்ணி, சூடாக விட்டுவிட்டு அடுத்த வண்டிக்குப் போவது அங்கே பழக்கம்.

ஆரோக்கியம் பிரேக்கை விட்டு விலகினார். வண்டி அசைந்தது. உருளவில்லை, நடந்தது. வெறும் சீட், எரியும் லைட், ஆடும் தேசிக்காய். மனுஷன் நடக்கிற வேகத்தில் பனிக்குள் போனது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஆரோக்கியம் ஜெபம் சொல்லத் தொடங்கினார். லைட் மங்கியபோதுதான் விளிம்பு ஞாபகம் வந்தது. ஓடிப்போய் நிறுத்தினேன். முன் டயருக்கு அப்பால் தரை இல்லை.

எண்ணெயைப் பார்த்தேன். குளிரில் சர்க்கரைப் பாணி மாதிரி இறுகி, சொட்டக்கூட இல்லை. முதலாளியின் லொறிக்கு ஊற்றும் 50 நம்பர். மற்ற வண்டிகள் பெல்ட்டில் ஓடுகிறவை; இந்த வண்டியில் மட்டும் கிளட்ச் பிளேட்டுகளும் எஞ்சின் எண்ணெயிலேயே ஊறுகின்றன. தடித்த எண்ணெய் குளிரில் பிளேட்டுகளை ஒட்டிப் பிடித்து, வண்டியை இழுத்துக்கொண்டு போகிறது. வண்டிப் புத்தகம் கேட்டது 10W-40, அதுவும் எண்ணெயில் ஊறும் கிளட்ச் உள்ள மோட்டார் சைக்கிளுக்கான JASO MA வகை.

எஞ்சினைச் சூடாக்கி வடித்துவிட்டு அதை ஊற்றினேன். மறுநாள் விடியல் குளிரில் அதே கியரில் ஸ்டார்ட் பண்ணினோம். வண்டி நடுங்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றது.

"லொறி எண்ணெய எப்பருந்து ஊத்துறீங்க?" என்று கேட்டேன்.

ஆரோக்கியம்தான் சொன்னார். "செவலிங்கம் விழுந்ததுக்கு முந்துன வாரம்ணே. பீப்பாய நானும் அவனுந்தான் எறக்குனோம்."

சிவலிங்கம் குடித்திருந்தார் என்று பொலிசில் சொன்னவர் முதலாளி. அந்த மனுஷன் வண்டியை நிறுத்த ஓடியிருப்பார், நான் ஓடியதுபோல.

சிவலிங்கத்தின் மனைவியிடம் போய் இதைச் சொல்லுங்கள் என்றேன் முதலாளியிடம். அவர் போகவில்லை. நான் போனேன்.

W-க்கு முன்னால் உள்ள எண் குளிரில் எண்ணெய் எப்படி ஓடும் என்பதைச் சொல்வது. எண் சிறிதானால் குளிரிலும் ஓடும். வெறும் 50 நம்பருக்கு W-யே இல்லை, அது குளிருக்கானது அல்ல. வண்டி நிற்கும் இடத்தின் காலைக் குளிரைப் பாருங்கள், வண்டிப் புத்தகம் கேட்பதை ஊற்றுங்கள். பீப்பாயில் கிடப்பதை அல்ல.