நஃபீசாவின் கணினியில் என் பெயர்

என் மனைவி நஃபீசாவைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். பொறாமைக்காரன் எழுதுவது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளைப் புகழ்ந்து ஒரு வரி எழுதினால் அதற்கு அடுத்த வரியில் என் வயிறு எரியும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நஃபீசா பிறந்தது ஆவணியாபுரத்தில். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, டைப்ரைட்டிங்கில் லோயர் பாஸ் செய்தாள். ஹையருக்குப் பணம் கட்டிய மாதத்தில் அவளை எனக்குக் கட்டிவைத்தார்கள். கல்யாணமான மறுவருடம், தொண்ணூற்றாறில், நான் எலக்ட்ரீஷியனாக ஷார்ஜாவுக்கு விமானம் ஏறினேன். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நாற்பத்தைந்து நாள் விடுப்பு. கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் நான் அவளோடு இருந்த நாட்களை எல்லாம் சேர்த்தால் இரண்டு வருடம்கூட வராது. இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

2005-இல் திருவிடைமருதூர் ரயிலடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கச் சொன்னேன். வெள்ளிக்கிழமைதோறும் அவள் முகத்தையும், அப்போது ஐந்து வயதான எங்கள் மகள் தஹ்மீனாவையும் பார்க்கலாம் என்பதுதான் கணக்கு. வாங்கிய நாலாவது மாதமே வைரஸ் வந்துவிட்டது. கும்பகோணத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்து சரிசெய்துவிட்டுப் போவான். பத்து நாளில் மறுபடியும் படுத்துக்கொள்ளும். மறுபடியும் அவன் வருவான்.

"அவன் எவ்வளவு நேரம் இருந்தான்?" என்று போனில் கேட்டேன்.

"ரெண்டு மணி நேரம் ஆச்சு மச்சான். வாசக்கதவத் தெறந்துதான் வச்சிருந்தேன். பக்கத்து வீட்டு ஜன்னத் பீவியையும் கூப்பிட்டு உக்காரவச்சிருந்தேன்."

"ரெண்டு மணி நேரம் அப்படி என்ன வேலை?"

அவள் வாயைத் திறப்பதற்குள் நானே முடித்தேன்.

"இனிமே எந்த மெக்கானிக்கும் வீட்டுக்குள்ள வரக்கூடாது."

"சரி மச்சான்."

நான் கடல் தாண்டிக் கிடக்கிறேன்; எவனோ ஒருவன் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து என் மனைவி கொடுக்கும் டீயைக் குடிக்கிறான். எங்கள் தெருவில் வெளிநாட்டில் இருக்கும் ஆண்கள் எல்லோருக்கும் இந்தப் புகைச்சல் உண்டு. நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையால்தான் நஃபீசா பிற்பாடு ஆனது எல்லாம் ஆனாள். அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

கம்ப்யூட்டர் ஒரு மாதம் துணி போர்த்திக் கிடந்தது. தஹ்மீனாவின் பள்ளிக்கூடத்து டீச்சர் ரசியா பேகம்தான், விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, அதில் இந்த வைரஸ் தொல்லை இல்லை, எழுதிப்போட்டால் காசு வாங்காமல் வெளிநாட்டிலிருந்து சி.டி.யைத் தபாலில் அனுப்புகிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். நஃபீசா எழுதிப்போட்ட ஆறு வாரத்தில் கவர் வந்தது. வெளிநாட்டு ஸ்டாம்ப்பைப் பார்த்துவிட்டு, "சைபுல்லா ஏதோ அனுப்பியிருக்கான்" என்று தெருவே பேசியதாம். நான் அனுப்பாமல் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வெளிநாட்டுக் கவர் அது. கேள்விப்பட்டபோது எனக்குப் பிடிக்கவில்லை.

அவளே சி.டி.யைப் போட்டு லினக்ஸை ஏற்றிவிட்டாள். ஆனால் கேமரா வேலை செய்யவில்லை. கறுப்புத் திரையில் கட்டளைகளை எழுத்து எழுத்தாக அடித்துப் பார்த்திருக்கிறாள். டைப்ரைட்டிங் படித்த கை, பார்க்காமலே அடிக்கும். தமிழில் லினக்ஸ் பற்றிப் பேசுகிறவர்களின் மின்னஞ்சல் மடலாடற்குழு ஒன்றில் சேர்ந்து சந்தேகம் கேட்டிருக்கிறாள். மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, ஷார்ஜாவில் நெட் கடைத் திரையில் அவள் முகம் பளிச்சென்று வந்தது. அவள் முகமெல்லாம் சிரிப்பு. நான் கேட்ட முதல் கேள்வி, "எந்த மெக்கானிக் வந்தான்?"

"நான்தான் சரி பண்ணேன்" என்றாள்.

நான் நம்பவில்லை. குழந்தையைக் கூப்பிட்டு, "வீட்டுக்கு யாரும்மா வந்தா?" என்று கேட்டேன். நஃபீசாவின் சிரிப்பு அப்போதே நின்றுவிட்டது. கேமரா நன்றாகத்தான் காட்டியது.

அதன்பின் 2006-லும் 2008-லும் விடுப்பில் வந்து போனேன். 2010-இல் கம்பெனி விடுப்புத் தரவில்லை. 2012-இல் கம்பெனியையே மூடிவிட்டார்கள். ஏப்ரலில் இரண்டு பெட்டியோடு வந்து இறங்கினேன். "இனிமே போகமாட்டேன்" என்று தெருவில் எல்லோரிடமும் சொன்னேன். எல்லோரும் தலையை ஆட்டிவிட்டு, "எத்தனை நாள் லீவு?" என்று கேட்டார்கள். 2004-லும் இதையேதான் சொல்லிவிட்டு மறுபடியும் விமானம் ஏறினேன். 2008-லும் அப்படித்தான்.

வீட்டுக்கு வந்த மறுநாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். திரையில் மூன்று பெயர்கள் வந்தன: நஃபீசா, தஹ்மீனா, விருந்தினர். என் பெயர் இல்லை.

"நான் எதுல போறது?"

"விருந்தினர்ல போங்க அத்தா. அதுக்குப் பாஸ்வேர்ட் வேணாம்" என்றாள் தஹ்மீனா.

பதினாறு வருடம் வெயிலில் காய்ந்து கட்டிய வீடு. அதில் எனக்குக் கடவுச்சொல் வேண்டாத இடம்! பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனேன். நஃபீசாவின் திரையைப் பார்த்திருந்தேன். அழகாக வைத்திருந்தாள். பொத்தான்கள் வரிசையாக இருக்கும் பட்டை இடது பக்கம், எழுத்தெல்லாம் தமிழ், திரைக்குள்ளேயே நான்கு மேசைகள். முதல் மேசையில் அவள் வேலை, அடுத்ததில் மகளின் பாடம், மூன்றாவதில் தெருப் பெண்கள் கணவன்மாருக்கு எழுதச்சொல்லும் கடிதங்கள், நான்காவதில் பட்டா, சிட்டா, விசா என்று ஊரார் கேட்டு வருகிற காகிதங்கள். ஒரு விசையைத் தட்டினால் ஒரு மேசை போய் அடுத்தது வரும். அவளால் முடிந்தால் என்னால் முடியாதா? பெரிய பெரிய கட்டிடங்களுக்கு ஒயரிங் பண்ணியவன் நான்.

ஒரு காலைப் பொழுது முழுக்க உட்கார்ந்து மாற்றினேன். பட்டையை மேலே வைத்தேன். ஷார்ஜா கடற்கரைப் படத்தைப் பின்னால் போட்டேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். என் மேசைகளுக்குப் பெயரும் வைத்தேன். அணைத்துவிட்டு எழுந்தபோது ரொம்பப் பெருமையாக இருந்தது. மறுநாள் திறந்தால் ஒன்றுமே இல்லை. மொட்டைத் திரை. மறுபடி எல்லாவற்றையும் செய்தேன். அதற்கடுத்த நாளும் அதே மொட்டைத் திரை.

மூன்றாம் நாள் அடுப்படிக்குப் போய்ச் சத்தம் போட்டேன். "நான் வச்சதையெல்லாம் ஏன் அழிக்கிற? என் கை படக்கூடாதா உன் பெட்டியில?"

நஃபீசா கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "நான் தொடவே இல்ல மச்சான்."

தஹ்மீனாதான் விளக்கினாள். "அது அப்படித்தான் அத்தா. விருந்தினர்ல என்ன பண்ணாலும் வெளிய வந்ததும் தானா அழிஞ்சிடும்."

"அப்ப எனக்குன்னு ஒண்ணு போட்டுக் குடு."

"அம்மாகிட்ட கேளுங்க. அதுக்கு அவங்க பாஸ்வேர்ட் வேணும்."

அம்மா இரண்டடி தூரத்தில்தான் நின்றாள். நான் கேட்கவில்லை. அவளாகப் போட்டுத் தரட்டும் என்று இருந்தேன். அவள் கத்தரிக்காயை முடித்துவிட்டு வெங்காயத்தை எடுத்தாள். அன்றிலிருந்து அவள் கடைத்தெருவுக்குப் போகும் நேரம் பார்த்து அவள் கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்க முயன்றேன். முதலில் என் பெயரை அடித்தேன். தவறு என்றது. கல்யாணத் தேதியை அடித்தேன். தவறு. மகள் பெயர், மாமனார் பெயர், ஊர்ப் பெயர், எல்லாம் தவறு. என் பெயர் இல்லை என்று தெரிந்ததும் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல.

இதற்கிடையில் ஊர் வேறு என்னை வதைத்தது. வேப்பத்தூர்ப் பக்கம் சாகுபடி செய்யும் மருதையன் என்பவர் ஒரு நாள் வாசலில் வந்து நின்றார்.

"நஃபீசாம்மா இருக்காங்களா?"

"வெளிய போயிருக்கா. என்ன வேணும்? நான் அவ வீட்டுக்காரன்தான்."

"சிட்டா எடுக்கணும். அவங்க வரட்டுங்க, நான் இப்படி உக்காந்திருக்கேன்."

"நானும் கம்ப்யூட்டர் பாப்பேன்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பரவால்லீங்க. அவங்களே வரட்டும்."

ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்து, அவள் கையால் எடுத்துக்கொண்டுதான் போனார். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

பிறகு அன்பரசன் என்ற பெயர் என் காதில் விழ ஆரம்பித்தது. அன்பரசன் மடல் போட்டிருக்கார், அன்பரசன் கேட்டிருக்கார் என்று அம்மாவும் மகளும் பேசிக்கொண்டார்கள். யாரவன்? இவளுக்கு இத்தனையும் சொல்லிக்கொடுத்தவன் அவனாகத்தான் இருக்கவேண்டும். மெக்கானிக்கை வாசலோடு நிறுத்தினேன், இவன் கம்பி வழியாக உள்ளே வந்துவிட்டானே என்று நெஞ்சு வெந்தது. அவள் போனிலிருந்து எண்ணை எடுத்து, ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு கூப்பிட்டேன்.

"நஃபீசாவோட வீட்டுக்காரன் பேசறேன். நீங்க யாரு?"

"வணக்கம் சார்! நான் சீர்காழியில காலேஜ்ல வேலை பாக்கறேன். அக்கா சொல்லியிருக்காங்க, நீங்க வந்திருக்கீங்கன்னு."

"என் வீட்ல நீங்க என்னத்தச் சொல்லிக்குடுக்கறீங்க?"

அவர் சிரித்தார். "நானா? அக்காதான் சார் எனக்குச் சொல்லிக்குடுக்கறாங்க. எங்க லேப்ல இருபது மிஷினு. பிரிண்டர் ஒண்ணும் எடுக்கல. அக்கா போன்லயே உக்காந்து எல்லாத்தையும் ஓடவச்சாங்க. காலேஜுக்கு ஒருதரம் கூட்டிட்டு வாங்க சார், பசங்க பாக்கட்டும்."

போனை வைத்தேன். அவன் சொல்லிக்கொடுத்திருந்தால் ஒருவன்மேல் கோபப்பட்டிருப்பேன். இப்போது யார்மேல் கோபப்படுவது? மயிலாடுதுறைப் பக்கம் போகிற பாசஞ்சர் வந்து நின்று போய்விட்டது. நான் எழுந்திருக்கவில்லை. ஷார்ஜாவில் எனக்குக் கீழே பதினெட்டுப் பேர் வேலை பார்த்தார்கள். ஒரு ஸ்விட்ச் வைப்பதென்றாலும் என்னைக் கேட்டுத்தான் வைப்பார்கள். இங்கே ஒரு படத்தை மாட்டிவிட்டுப் போனால் மறுநாள் இருப்பதில்லை. அந்தச் சூட்டிலேயே பஸ் ஏறிக் கும்பகோணம் போய் ஏஜென்ட்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். தோஹாவில் ஃபோர்மேன் வேலை. வீட்டில் மூச்சு விடவில்லை. நான் போனபிறகு தெரியட்டும், அப்போது தேடட்டும் என்று கறுவிக்கொண்டிருந்தேன். ஒரு வாரத்தில், வியாழக்கிழமை, ஏஜென்ட் போன் செய்தார். விசா வந்துவிட்டது, பதினெட்டாம் தேதி டிக்கெட்.

மறுநாள் ஜும்ஆ தொழுதுவிட்டு வந்தேன். நஃபீசா கம்ப்யூட்டர் முன்னால் நின்றிருந்தாள். வழக்கமாக அவள் உட்காரும் நாற்காலியை எனக்காக இழுத்துப்போட்டாள். தஹ்மீனா பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையில் நான்கு பெயர்கள் இருந்தன. மூன்றாவது பெயர் சைபுல்லா.

"பாஸ்வேர்ட் நீங்களே வச்சிக்கங்க மச்சான்" என்றாள். "என்கிட்ட எதுக்கும் கேக்க வேணாம். ஏத்தலாம், எடுக்கலாம், எல்லாத்தையும் மாத்தலாம். என் பேரையே கூட எடுக்கலாம். எனக்கு என்ன அதிகாரமோ அது உங்களுக்கும் குடுத்திருக்கேன்."

"இத்தன நாள் ஏன் போடல?"

"நாப்பத்தஞ்சு நாள் தாண்டட்டும்னு இருந்தேன். நேத்தோட முடிஞ்சுச்சு. இன்னிக்கு நாப்பத்தாறு." மகளைப் பார்த்தாள். "ரெண்டாயிரத்தெட்டுல நீங்க வந்தப்பவும் உங்க பேர்ல போட்டேன். உங்களுக்கு ஞாபகம் இருக்காது, ரெண்டு தடவ உக்காந்து போட்டோ பாத்தீங்க. நீங்க போனதும் இவ தெனம் ஸ்கூல் விட்டு வந்து அதத் தெறந்து வச்சிக்கிட்டு உக்காந்து அழுவா. ஒரு மாசம் பாத்தேன். அப்பறம் நாந்தான் அழிச்சேன். இன்னொரு தடவ அதப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. அதான் நீங்க இருக்கீங்களான்னு பாத்துட்டுப் போடலாம்னு."

நான் கேட்க நினைத்தது எல்லாம் என் முன்னால் இருந்தது. நாற்காலியில் உட்காரவில்லை.

"நஃபீசா, பாஸ்போர்ட்டு ஏஜென்ட்கிட்ட இருக்கு. தோஹா. விசா வந்துடுச்சு."

"எப்ப குடுத்தீங்க?"

"போன வாரம். கோவத்துல குடுத்துட்டேன்."

"யார் மேல கோவம்?"

உன்மேல் என்று எப்படிச் சொல்வது? மெக்கானிக் வேண்டாம் என்று சொன்னது நான். தனியாகக் கற்றுக்கொள்ள வைத்தது நான். கற்றுக்கொண்டாளே என்று வெந்ததும் நான்தான்.

"எப்பப் பயணம்?" என்றாள்.

"பதினெட்டு."

தஹ்மீனா தன் பாடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மெதுவாக உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. நான் அவள் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அழிச்சிடு" என்றேன். "என் பேர அழிச்சிடு நஃபீசா. மறுபடி அந்தப் புள்ள..."

"வேணாம் மச்சான், இருக்கட்டும்" என்றாள் நஃபீசா. "அவ வளந்துட்டா. இனிமே அழமாட்டா."