மாமி சொன்ன மறுபாதி

மயிலிட்டியிலிருந்து கடலுக்குப் போன என் கணவர் திரும்பவில்லை. அதன் பிறகு நானும் அவருடைய தாயும் மாலைதோறும் செபமாலை சொன்னோம். ஒவ்வொரு மந்திரத்திலும் முதற்பாதி எனக்கு, மறுபாதி மாமிக்கு. "என்ரை பிள்ளை கரைக்கு வரவேணும், மாதாவே" என்றுதான் மாமி முடிப்பார்.

இரண்டு வருடம் கழித்து, மாமியிடம் கேட்காமலே, மரித்தோர் பூசைக்குக் கணவரின் பெயரைக் கொடுத்தேன். அவருடைய ஆத்துமத்துக்காக என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் காத்திருந்து களைத்துப்போயிருந்தேன்.

கோயிலில் சுவாமியார் அந்தப் பெயரை வாசித்ததும் மாமி என் பக்கம் திரும்பினார்.

"நீயே அவனைச் சாக்காட்டிப்போட்டியே, பிள்ளை?"

அன்று மாலை முதற்பாதியைச் சொல்லிவிட்டுப் பார்த்திருந்தேன். பக்கத்தில் இருந்த மாமி வாய் திறக்கவில்லை. பிறகு ஒருநாளும் மறுபாதிக்கு வாய் திறக்கவில்லை.

இப்போது மாமியும் இல்லை. இன்றும் முதற்பாதி முடிந்ததும், மாமி மூச்சு இழுக்கும் நேரம்வரை பொறுத்திருந்துதான் மறுபாதியை நானே தொடங்குகிறேன்.