சார்மினார் ரூபாயின் பழைய சொந்தக்காரர்கள்

செகந்திராபாத் பக்கம் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆவணப் பிரிவில் ரோஸ்லின் வேலை பார்த்தாள். எந்த மூலப்பொருள் டிரம் எங்கிருந்து வந்தது, யார் திறந்தார், யார் கையெழுத்துப் போட்டார் என்று தாள் தாளாகச் சரிபார்க்க வேண்டும். 2009 ஜனவரியில் அவள் கணவர் இருதயராஜ் உப்பல் பஸ் ஸ்டாப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவே இல்லை. பாளையங்கோட்டையிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து அழுதார்கள். ரோஸ்லினுக்குக் கண்ணீர் வரவில்லை. பதினோராம் நாள் வேலைக்குப் போனாள். அது அவளுக்கு நல்லதாகவும் படவில்லை, கெட்டதாகவும் படவில்லை.

பீரோவில் அவர் சேர்த்த நாணய ஆல்பம் கிடந்தது. முக்கால்வாசி இணையத்தில் வாங்கியவை. ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிஜாம் காலத்து வெள்ளி ரூபாய் ஒன்றைப் படம் எடுத்து, அவர் வாங்கிய அதே ஏலத் தளத்தில் போட்டாள். சார்மினார் பொறித்த ரூபாய். விற்க வேண்டும் என்ற ஆசையெல்லாம் இல்லை. வைத்திருந்து என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

மறுநாளே பூனாவிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: இந்த நாணயம் இதற்கு முன் யார் யாரிடம் இருந்தது?

சரியான கேள்விதான் என்று ரோஸ்லினுக்குப் பட்டது. டிரம்முக்குக் கேட்பதை ரூபாய்க்குக் கேட்கக் கூடாதா? கணவரின் மெயிலைத் திறந்தாள். பாஸ்வேர்டு மகள் பிந்துவின் பெயர். விற்ற ஆளைத் தேடினாள்; உப்பலில் இருக்கும் சீதாராமன். ‘என் கணவர் காலமாகிவிட்டார். தங்களிடம் அவர் வாங்கிய சார்மினார் ரூபாய் தங்களுக்கு யாரிடமிருந்து கிடைத்தது?’ என்று இரண்டு வரி எழுதி அனுப்பினாள்.

சீதாராமன் போனிலேயே கூப்பிட்டார்.

“மெயில் பாத்து ஆடிப் போயிட்டேன் மேடம். சாரும் இதே கேள்விதான் கேட்டாரு. வாங்கற காசு ஒவ்வொண்ணுக்கும் கேப்பாரு. மத்தவங்க ஒரிஜினலா, டூப்ளிகேட்டான்னு பாக்கறதுக்குக் கேப்பாங்க. இவரு அந்த வீட்டுல யாரு இருக்காங்கன்னு கேப்பாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஜெனரல் பஜார்ல ஒரு வெள்ளிக் கடையில வாங்கினேன். கடைக்காரர் மாரெட்பள்ளி அம்மா ஒருத்தங்க குடுத்ததுன்னாரு. விசாரிச்சு சாருக்கு அட்ரஸ் குடுத்தேன். போய்ப் பாத்துட்டும் வந்தாரே! உங்ககிட்ட சொல்லலையா?”

“சொல்லியிருப்பாங்க” என்றாள் ரோஸ்லின். சொல்லவில்லை.

அவரிடமே விலாசம் வாங்கி, அடுத்த சனிக்கிழமை ரூபாயைக் கைப்பையில் போட்டுக்கொண்டு மாரெட்பள்ளிக்குப் போனாள். கதவைத் திறந்தவருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். பெயர் சாவித்ரி. வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்ட குடும்பம்; பேச்சில் ஊர் உருது கலந்திருந்தது.

“ஹவ் மா, சொல்லு, யாரு வேணும்?”

ரோஸ்லின் ரூபாயை எடுத்துக் காட்டினாள். சாவித்ரி கண்ணாடியைத் தேடவில்லை.

“ராஜ் சார் வீடா நீ? வா, உள்ள வா. அவரு வரலயா? ஆறேழு மாசமா ஆளயே காணோம்.”

“அவுக இறந்துட்டாகம்மா. ஜனவரில.”

 “அச்சா” என்றார் சாவித்ரி. உள்ளே போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

“என் மாமனார் நிஜாம் ரயில்வேல இருந்தாரு. மொத சம்பளத்துல ஒரு ரூபா எடுத்து வச்சாரு. அப்புறம் என் வீட்டுக்காரர் வச்சிருந்தாரு. அவரு போனதும் வெள்ளிக் குத்துவிளக்கு, தம்ளரு, இது, எல்லாம் சேத்துக் கடையில போட்டுட்டேன். ராஜ் சார் வந்து, இந்தாங்க உங்களுதுன்னு நீட்டினாரு. நக்கோ, வேணாம்னுட்டேன். அப்பவும் விடல. மாமனார் எப்பிடி இருப்பாரு, ரூபாய எங்க வச்சிருந்தாரு, என் வீட்டுக்காரர் அத எப்ப எடுத்துப் பாப்பாருன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. எனக்கே மறந்து போனத எல்லாம் கேட்டாரு. நாலு தரம் வந்தாரு, எல்லாம் சனிக்கிழமை.”

சனிக்கிழமைகளில் ஓவர்டைம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவார் இருதயராஜ். கோபம் வரவேண்டிய இடம் இது என்று ரோஸ்லினுக்குத் தெரிந்தது. காத்திருந்து பார்த்தாள். வரவில்லை. தண்ணீரைக் குடித்தாள்.

“இப்ப வாங்கிக்கிடுதீங்களாம்மா?”

“கைக்கு மா, எனக்கு எதுக்கு? நீயே வச்சுக்க, இல்ல வித்துடு.” சாவித்ரி ஜன்னல் பக்கம் பார்த்தார். “உன் கண்ணுல தண்ணியே இல்ல. என் வீட்டுக்காரர் போனப்ப எனக்கும் அழுகை வரல. மூணு வருஷம் வரல. இப்பவும் சரியா வரல. சாப்பிடறேன், தூங்கறேன். நீ சாப்பிடறியா?”

“சாப்பிடுதேன்மா.”

“அது போதும்.”

அன்று சாயங்காலமே பூனாக்காரருக்குப் பதில் எழுதினாள். ரயில்வேயில் இருந்த மாமனார், அவருடைய மகன், மகனின் மனைவி சாவித்ரி, ஜெனரல் பஜார் வெள்ளிக் கடை, உப்பல் சீதாராமன், இருதயராஜ். கடைசியாகத் தன் பெயர். கம்பெனிப் பழக்கத்தில் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் எப்படி வந்தது என்று குறித்தாள். தன் பெயருக்கு எதிரே ‘கணவர் இறந்ததால்’ என்று டைப் அடித்தாள். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. அனுப்பினாள்.

இவ்வளவு விவரம் யாரும் தந்ததில்லை என்று பூனாக்காரர் மகிழ்ந்து எழுதி, ரூபாயை வாங்கிக்கொண்டார். ரோஸ்லின் அதைப் பஞ்சில் சுற்றி, அட்டைப் பெட்டிக்குள் வைத்து, கூரியரில் சேர்த்தாள். ஆல்பத்தில் அந்த இடம் காலியானது. அதைப் பார்த்தும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மற்ற நாணயங்களை அவள் தளத்தில் போடவில்லை. ஆனால் அவற்றை விற்றவர்களுக்கெல்லாம் அதே இரண்டு வரியை எழுதினாள். பலர் பதில் போடவில்லை. ஒருவர் இதெல்லாம் தொழில் ரகசியம் என்று சிடுசிடுத்தார். மல்காஜ்கிரியிலிருந்து ஒருவர் மட்டும், நாணயம் அங்கேயே ஒரு வீட்டிலிருந்து வந்தது என்று விலாசம் அனுப்பினார்.

சனிக்கிழமை காலையில் அவள் செருப்பை மாட்டுவதைப் பார்த்த பிந்து கேட்டாள்: “எக்கடிக்கி மம்மி?”

“மல்காஜ்கிரி வரைக்கும்.”

“அதான் வித்தாச்சே! வொய்?”

“தெரியலட்டி” என்றாள் ரோஸ்லின். “குழம்பு அடுப்புல இருக்கு. சுடவச்சு சாப்பிடு.”