எப்படி டீச்சர்

ஐந்தாம் வகுப்புக் கணக்கு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'எப்படி டீச்சர்'. விடை தப்பாக வந்தால் மற்றவர்கள் மாதிரிச் சிவப்பு மையைத் தேட மாட்டார். "எப்படி வந்துச்சு, சொல்லு" என்பார். சொல்லிக்கொண்டு வரும்போதே பிள்ளைக்குத் தன் தப்பு பிடிபட்டுவிடும். இருபத்திரண்டு வருடமாக இதே கேள்வி. வீட்டிலும் யாரையும் விட்டுவைப்பதில்லை. "கல்யாணமான நாள்லேருந்து நான் பரீட்சை எழுதிக்கிட்டே இருக்கேன்" என்று லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் சலித்துக்கொள்வார்.

கூரை மாற்றும் வேலைக்காகப் பள்ளியை ஆறு மாதம் மூடியபோது பாடமெல்லாம் கைப்பேசிக்கு வந்தது. கணவரின் கருவிப்பெட்டி மேல் மடிக்கணினியை ஏற்றி, சமையலறை மூலையில் வகுப்பு நடந்தது. மேலிடம் ஒரு பயிற்சித் தொகுப்பும் தந்தது. ரொட்டியை விரலால் இழுத்துத் துண்டு போடலாம், பின்னத்தைப் பிடித்து எண்கோட்டில் வைக்கலாம். டீச்சருக்கே அதைப் பார்த்து வாயெல்லாம் பல். சரியான விடைக்கு மணி அடிக்கும். தப்புக்கு 'டொய்ங்ங்' என்று ஒரு சத்தம். அதை அவர் முதலில் கண்டுகொள்ளவில்லை. அந்தப் பிழை அவருடையதுதான்.

மாதக் கடைசிக்குள் பதினெட்டுப் பயிற்சியையும் முடிக்காதவர்கள் மறுபடி ஐந்தாம் வகுப்பிலேயே உட்கார வேண்டும் என்பது உத்தரவு. இன்னும் முடிக்காதவர்களின் பட்டியல் வந்தது. அதில் முந்திரிக்கொட்டை! கேள்வி முடியும் முன்பே எழுந்து விடை சொல்கிறவள் என்று வகுப்பே அவளை அப்படித்தான் கூப்பிடும். அவள் பெயருக்கு நேரே பூஜ்யம். 'ஆர்வமில்லாத மாணவி' என்று மேலிடத்து ஒருங்கிணைப்பாளர் குறிப்பு எழுதியிருந்தார்.

டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யாருக்கு ஆர்வமில்லை? உடனே அவள் வீட்டுக்கு வீடியோவில் கூப்பிட்டு, அம்மாவின் கைப்பேசியில் ஒரு கணக்குப் போடச் சொன்னார். ஒரே அறை, ஆறு பேர். எட்டில் ஒன்றா, ஆறில் ஒன்றா, எது பெரியது? அவள் எட்டைத் தொட்டாள். டொய்ங்ங். "போச்சுடா!" என்று அறை மொத்தமும் சிரித்தது. அண்ணன்மார், அத்தை, கட்டிலில் படுத்திருந்த அப்பா, எல்லோரும். அவள் கைப்பேசியைக் கவிழ்த்துவிட்டாள்.

"சத்தத்தைக் குறைச்சிட்டுப் போடக் கூடாதாம்மா?"

"குறைச்சா பாடமும் கேக்காதே டீச்சர்" என்றாள் அவள். "தினமும் சிரிக்கிறாங்க."

தொகுப்பின் அமைப்புப் பக்கத்தில் ஒலியை மாற்ற ஓர் இடம் இருந்தது. ஆசிரியர்கள் அதில் கைவைக்கக் கூடாது என்று சுற்றறிக்கையும் இருந்தது. டீச்சர் சுற்றறிக்கையை இரண்டு முறை படித்தார். பிறகு எதிரொலி வராமலிருக்கத் துணி அலமாரிக்குள் தலையை விட்டு, "எப்படி வந்துச்சு, சொல்லு" என்று தன் குரலைப் பதிவு செய்தார். "யாரையாவது ஒளிச்சு வச்சிருக்கியா?" என்று கணவர் எட்டிப் பார்த்தார். அன்றிரவே தன் வகுப்புக்கு டொய்ங்ங் சத்தத்தை எடுத்துவிட்டு அந்தக் குரலை வைத்தார் டீச்சர்.

அடுத்த வாரம் அலுவலகத்துக்கு வரச் சொல்லி அழைப்பு. மேசையைச் சுற்றிப் பத்து ஆசிரியர்கள் இருந்தார்கள். ஒருங்கிணைப்பாளர் சுற்றறிக்கையைத் தூக்கிக் காட்டினார்.

"யாரைக் கேட்டு மாத்துனீங்க? அனுமதி வாங்க வேணாமா?"

"அனுமதி கேட்டிருந்தா மாசம் முடிஞ்சிருக்கும் சார்."

"சாயந்திரத்துக்குள்ள பழையபடி மாத்துங்க. ஒரு சின்னச் சத்தம், அதுக்கு இவ்வளவு பெரிய ஆர்ப்பாட்டமா?"

"சரி சார். உங்க கணினியில பழைய சத்தம்தானே இருக்கு? ஒரே ஒரு கணக்குப் போடுங்க, நாங்க பாக்கறோம்."

அவர் சிரித்தபடி சுட்டியைப் பிடித்தார். ஐந்தில் மூன்றா, எட்டில் ஐந்தா, எது பெரியது? பத்து வினாடி. ஐந்தில் மூன்றைத் தட்டினார். டொய்ங்ங்! அடக்கப் பார்த்தும் முடியாமல் பத்துப் பேரும் சிரித்துவிட்டார்கள். அவர் முகம் செத்துப்போனது.

"அடுத்த கணக்கு சார்" என்றார் டீச்சர்.

அவர் சுட்டியைத் தொடவில்லை. கை மடிக்குப் போய்விட்டது.

"பாத்தீங்களா, கையை எடுத்துட்டீங்க. உங்களுக்கு ஐம்பது வயசு. அவளுக்குப் பத்து. அவளைத்தான் ஆர்வமில்லாதவன்னு எழுதுனீங்க. நான் பழையபடி மாத்த மாட்டேன் சார். என்னை வேணும்னா மாத்திக்கோங்க."

ஒருங்கிணைப்பாளர் பட்டியலைத் திறந்தார். முந்திரிக்கொட்டையின் வரிசையில் பதினெட்டும் முடிந்ததாகப் பச்சையாக இருந்தன. பக்கத்துக் கட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"முப்பத்தொரு தப்பு போட்டிருக்காளே டீச்சர்!"

"ஆமா சார், முப்பத்தொண்ணு!" டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. "முதல் தப்புக்கே எனக்கு ஃபோன் போட்டுட்டா. 'எட்டு பெருசுன்னு நினைச்சேன் டீச்சர், ஆனா எங்க வீட்டு ஆறு பேரோட இன்னும் ரெண்டு பேர் வந்தா எனக்குக் கிடைக்கிற துண்டு சின்னதாயிடும்ல'ன்னா. நான் வாயே திறக்கல."

ஒருங்கிணைப்பாளர் சுற்றறிக்கையை மடித்தார். பட்டியலை மூடியதும், சரியான விடையென்று காட்டிய எட்டில் ஐந்து திரையில் அப்படியே நின்றது. அதை விரலால் சுட்டினார்.

"இது எப்படி வந்துச்சு?" என்று மெல்லக் கேட்டார்.

டீச்சர் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நீங்க போட்டது எப்படி வந்துச்சு, அதை முதல்ல சொல்லுங்க சார்."